வீட்டை விட்டுப் போனவரும் சட்டமும்: மனநோய், தெரு வாழ்க்கை, காப்பாளர் நியமனம் பற்றி டர்பன் குடும்பங்கள் கேட்பவை

தென்னாப்பிரிக்காவின் டர்பனைச் சுற்றி இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டோங்காட் என்று எந்தப் பக்கம் போனாலும் இப்படி ஒரு குடும்பம் இருக்கிறது. கோயிலில் யாராவது விசாரித்தால் "பெரியவன் ஜோபர்க்கில் வேலையாய் இருக்கிறான்" என்பார்கள். அவன் டர்பன் நகருக்குள்தான், வார்விக் சந்தைப் பக்கம் அட்டை விரித்துப் படுத்திருப்பான். கடுமையான மனநோய், வீடில்லாத வாழ்க்கை, சட்டம் மூன்றும் சேர்ந்து வந்து நிற்கும்போது அந்தக் குடும்பங்கள் கேட்கிற கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் தென்னாப்பிரிக்கச் சட்டத்தை ஒட்டியவை. பெரும்பாலும் 2002-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். அது 2004 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கீழே பல பதில்களுக்கு அதுதான் அடிப்படை. இந்த நாட்டில் சிகிச்சைக்கு ஒரு வழி, பணத்துக்கு இன்னொரு வழி, தங்க இடத்துக்கு வேறொரு வழி. ஒரே உத்தரவில் மூன்றும் கிடைத்துவிடும் என்று நம்பி வக்கீலுக்குப் பணம் கட்டுகிற குடும்பங்கள் கடைசியில் ஏமாந்துபோகின்றன.

அவனுக்கு நோய் என்று ஊருக்கே தெரியும். அவன் மட்டும் ஏன் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறான்?

பிடிவாதம் என்று நினைக்காதீர்கள். மனச்சிதைவு நோயில் தனக்கு நோய் இருப்பதே தெரியாமல் போவதும் நோயின் ஒரு பகுதிதான். மனம் உச்சத்துக்கும் சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் இருதுருவ நோயில், அந்த உச்சத்தில் இருக்கும்போதும் இப்படி நடக்கும். அவனுக்குக் கேட்கிற குரல் உங்கள் குரலைப்போலவே அவனுக்கு நிஜம். "அப்படி எதுவும் இல்லை" என்று நீங்கள் வாதாட வாதாட, நீங்களும் எதிரிகளில் ஒருவர் என்றுதான் அவனுக்குப் படும்.

ஆண்களுக்கு இந்த நோய் பெரும்பாலும் பதின்ம வயதின் கடைசியிலும் இருபதுகளிலும் தலைகாட்டுகிறது. மெட்ரிக் முடித்து, வேலைக்கோ காலேஜுக்கோ போகிற வயது. அதனால் முதல் ஒன்றிரண்டு வருடம் "சோம்பல்", "கெட்ட சகவாசம்", "காதல் தோல்வி" என்றே வீட்டில் பேச்சு ஓடும். அதற்குள் வேலை போயிருக்கும், நண்பர்கள் விலகியிருப்பார்கள், அப்பாவோடு பேச்சு நின்றிருக்கும். தெருவுக்குப் போகிற பாதை ஒரே இரவில் வருவதில்லை; இப்படி ஒவ்வொரு கயிறாக அறுந்துதான் வருகிறது.

இது மனநோயா, போதையா? டாக்டர்களே மாற்றி மாற்றிச் சொல்கிறார்களே.

பல பேருக்கு இரண்டும்தான். சாட்ஸ்வொர்த்தில் 'சுகர்ஸ்' என்றும் நகரில் 'வூங்கா' என்றும் சொல்வது ஹெராயின் கலந்த மலிவான போதை. குரல்களை அடக்கத்தான் புகைக்கிறேன் என்று சொல்கிறவர்கள் உண்டு. கஞ்சாவும் 'மெத்' என்ற மெத்தம்பெட்டமினும் மனப்பிறழ்வைத் தூண்டிவிடவும் செய்யும். உடம்பில் இருந்து போதை இறங்கிய பிறகும் குரல்களும் சந்தேகமும் நீடிக்கின்றனவா என்று பார்த்துத்தான் டாக்டரால் ஓரளவு தெளிவாகச் சொல்ல முடியும். அதற்குச் சில வாரங்கள் ஆகும்.

சட்டத்தில் வித்தியாசம் இருக்கிறது. வெறும் போதைப் பழக்கம் என்றால் 2008-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்பு, சிகிச்சைச் சட்டம் வரும். அதில் உறவினரோ சமூகப் பணியாளரோ சத்தியப் பிரமாணம் கொடுத்து, பிராசிக்யூட்டர் வழியாக மாஜிஸ்திரேட்டிடம் போக வேண்டும். மனநோய் என்றால் நீதிமன்றத்தில் தொடங்க வேண்டாம், மருத்துவமனையில் தொடங்கலாம். "போதைக்காரன், ரீஹேபுக்குக் கொண்டுபோ" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினால், போதை தொடங்குவதற்கு முன்பே இருந்த அறிகுறிகளைத் தேதியோடு சொல்லுங்கள். எழுதி வைத்திருந்தால் இன்னும் நல்லது.

அவன் யாரையும் அடிக்கவில்லை, தன்னையும் வெட்டிக்கொள்ளவில்லை. அப்படியிருந்தும் சேர்க்க முடியுமா?

முடியும். ரத்தம் வந்தால்தான் சேர்ப்பார்கள் என்ற நம்பிக்கை நம்மிடையே ஆழமாக இருக்கிறது. அதனால் எத்தனையோ தாய்மார்கள் மகன் கை ஓங்கும் நாளுக்காகக் காத்திருக்கிறார்கள். சட்டத்தின் 32-ஆம் பிரிவு சொல்வது இதுதான்: மனநோயினால் அவர் தனக்கோ பிறருக்கோ கடும் தீங்கு செய்யக்கூடும் என்று நம்ப நியாயம் இருக்க வேண்டும், அல்லது அவருடைய பொருள் நலனையோ நற்பெயரையோ காப்பாற்றச் சிகிச்சை தேவைப்பட வேண்டும். கூடவே, அந்த நேரத்தில் அவரால் விவரம் புரிந்து முடிவெடுக்க முடியாத நிலையும், அவர் சிகிச்சையை மறுப்பதும் இருக்க வேண்டும்.

இருதுருவ நோயின் உச்சத்தில் ஒரு பெண் தன் சம்பளத்தை எல்லாம் கடற்கரையில் கண்டவர்களுக்குக் கொடுத்துவிட்டு, வேலை செய்யும் இடத்தில் ஆடை கலைத்து நிற்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் யாரையும் அடிக்கவில்லை. ஆனாலும் அவள் பொருளையும் பெயரையும் காப்பாற்ற இந்தப் பிரிவு உதவும். அதேபோல், ரோட்டில் குப்பையில் இருந்து சாப்பிட்டு, காலில் புண் அழுகியும் டாக்டரை விடாதவர் தனக்குத் தானே தீங்கு தேடிக்கொள்கிறார் என்றே வாதிடலாம்.

நோயாளி மறுக்கவில்லை, ஆனால் சம்மதிக்கிற தெளிவும் இல்லை என்றால் அதற்கு 'உதவியுடனான சேர்க்கை' என்று தனி வழி இருக்கிறது. அது இன்னும் சுலபம்.

சரி, விண்ணப்பம் யார் கொடுக்க வேண்டும்? எங்கே?

எம்எச்சிஏ 04 என்ற படிவம் (எம்எச்சிஏ என்பது மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் ஆங்கிலச் சுருக்கம்). பகுதிக்கென்று குறிக்கப்பட்ட அரசு மருத்துவமனையிலோ சமூக சுகாதார மையத்திலோ கிடைக்கும். கணவன் அல்லது மனைவி, துணை, பெற்றோர், நெருங்கிய உறவினர், பராமரிப்பாளர் யாரும் கொடுக்கலாம். 'நெருங்கிப் பழகுபவர்' என்றும் சட்டம் ஒரு வகையைச் சேர்த்திருக்கிறது. தெருவில் இருப்பவர் விஷயத்தில் இது மிக முக்கியம். தினமும் அவருக்குச் சாப்பாடு கொடுக்கிற தொண்டரோ, தங்குமிடப் பணியாளரோ அவர் நலனில் அக்கறை உள்ளவர் என்ற முறையில் விண்ணப்பிக்கலாம். இவர்களில் யாருமே இல்லை, அல்லது யாரும் முன்வரவில்லை என்றால் மருத்துவப் பணியாளரே கொடுக்கலாம்.

ஒரு நிபந்தனையைக் கவனியுங்கள்: விண்ணப்பிக்கிறவர் அதற்கு முந்தைய 7 நாளுக்குள் நோயாளியை நேரில் பார்த்திருக்க வேண்டும். "ஆறு மாதமாய் வீட்டுக்கு வரவில்லை" என்று சொல்லி வீட்டில் உட்கார்ந்து படிவம் நிரப்ப முடியாது. போய்த் தேடிப் பார்த்துவிட்டுத்தான் வர வேண்டும். எனக்கு இது சரியான விதியாகவே படுகிறது. நேரில் பார்க்காமல் ஒருவரின் சுதந்திரத்தைப் பறிக்க யாருக்கும் உரிமை இருக்கக் கூடாது.

அப்புறம் இரண்டு மனநலப் பணியாளர்கள் அவரைத் தனித்தனியாகப் பரிசோதிப்பார்கள். ஒருவராவது உடல் பரிசோதனை செய்யத் தகுதி உள்ளவராக இருக்க வேண்டும். இருவர் கருத்தும் மாறுபட்டால் மூன்றாமவர் பார்ப்பார். மருத்துவமனைத் தலைவர் ஒப்புதல் கொடுத்தால் 48 மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும்.

போகும்போது ஒரு கோப்பு எடுத்துப் போங்கள். பழைய கிளினிக் அட்டை, மருந்துச் சீட்டு, எந்த மருந்து ஒத்துக்கொண்டது எது ஒத்துக்கொள்ளவில்லை, முன்பு சேர்த்த தேதிகள், இந்த ஒரு மாதத்தில் நடந்தவை. "ரொம்ப மோசமாய் இருக்கிறான் டாக்டர்" என்பதைவிட "திங்கட்கிழமை ராத்திரி அடுப்பைத் திறந்துவிட்டு, கேஸில் விஷம் வைத்திருக்கிறார்கள் என்றான்" என்ற ஒரு வரி பத்து மடங்கு வேலை செய்யும்.

போலீசைக் கூப்பிட்டால் "குற்றம் எதுவும் இல்லையே" என்று போய்விடுகிறார்கள்.

அதே சட்டத்தின் 40-ஆம் பிரிவைச் சொல்லுங்கள். தான் நேரில் கண்டதை வைத்தோ, மனநலப் பணியாளர் சொன்னதை வைத்தோ, ஒருவர் மனநோயினால் தனக்கோ பிறருக்கோ கடும் தீங்கு செய்யக்கூடும் என்று காவலர் நம்பினால், அவரைப் பிடித்து உரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். இது காவலர் விருப்பம் இல்லை, கடமை. ஒப்படைக்கும்போது எம்எச்சிஏ 22 படிவம் நிரப்புவார்கள்.

பிரிவைப் படித்தால் ஒரு சூட்சுமம் தெரியும். குடும்பம் சொன்னால் மட்டும் போதாது. காவலர் கண்ணால் காண வேண்டும், அல்லது கிளினிக் நர்ஸ், டாக்டர் போன்றவர் சொல்ல வேண்டும். ஆகவே முதலில் கிளினிக்கில் மனநல நர்ஸிடம் பேசி, அவரையே காவல் நிலையத்துக்குப் போன் செய்யச் சொல்வது நல்லது. போலீஸ் அவசர எண்ணான 10111-ஐ அழைக்கும்போது "சண்டை" என்று சொல்லாமல் "மனநோயாளி, மருத்துவமனைக்குக் கொண்டுபோக உதவி வேண்டும்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். சண்டை என்று நினைத்து வருகிற காவலர் விலங்கோடுதான் வருவார்.

72 மணி நேரம் என்கிறார்களே, அதற்குப் பிறகு என்ன?

அந்த 72 மணி நேரம் மதிப்பீட்டுக்கு. இது பொது மருத்துவமனையிலேயே நடக்கும். முடிவில் மூன்றில் ஒன்று: தேறிவிட்டார் அல்லது இனித் தேவையில்லை என்று விடுவிப்பது, வெளிநோயாளியாகக் கட்டாயச் சிகிச்சை தொடர்வது, அல்லது மனநல மருத்துவமனையில் உள்நோயாளியாக வைப்பது.

உள்நோயாளி என்றால் கோப்பு மனநலப் பரிசீலனை வாரியத்துக்குப் போகும். அதில் மனநலப் பணியாளர் ஒருவர், சட்டம் தெரிந்த ஒருவர், சமூகத்தில் இருந்து ஒருவர் கண்டிப்பாக இருப்பார்கள். வாரியம் 30 நாளுக்குள் முடிவு செய்து உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பும், நீதிபதியும் பார்ப்பார். பிறகு ஆறாவது மாதத்திலும், அதன்பின் வருடத்துக்கு ஒருமுறையும் மறுபரிசீலனை. நோயாளியோ குடும்பமோ முடிவை ஏற்காவிட்டால் 30 நாளுக்குள் வாரியத்தில் மேல்முறையீடு செய்யலாம். நோயாளிக்கு வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமையும் உண்டு.

இவ்வளவு சரிபார்ப்பு எதற்கு என்று சில அப்பாக்கள் சலித்துக்கொள்கிறார்கள். பிடிக்காத மருமகளையும், சொத்துக்குப் பங்கு கேட்கும் தம்பியையும் 'பைத்தியம்' என்று அடைத்து வைக்க முடியாமல் செய்வதும் இந்தச் சரிபார்ப்புதான்.

நாலாவது நாளே மருந்துப் பையோடு வாசலில் விட்டுவிட்டார்கள். இனி?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், அதிகம் வலிப்பதும் இதுதான். படுக்கைகள் குறைவு. மூன்று நாளில் ஊசி போட்டதும் கொஞ்சம் அடங்கியிருப்பார். அதைப் பார்த்து அனுப்பிவிடுவார்கள். மனப்பிறழ்வு நன்றாக அடங்கப் பல வாரம் பிடிக்கும்.

விடுவிக்கும் முன்பே வார்டுக்குப் போய், அங்குள்ள சமூகப் பணியாளரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்த முகவரிக்கு அனுப்புகிறீர்கள்? அடுத்த ஊசி எந்தத் தேதியில், எந்தக் கிளினிக்கில்? வராவிட்டால் யார் தேடுவார்கள்? வீட்டில் வைத்துக்கொள்ள முடியாத நிலை என்றால் அதை நேர்மையாகச் சொல்லிவிடுங்கள். வெட்கப்பட்டு "சரி, கூட்டிப் போகிறோம்" என்று தலையாட்டிவிட்டு அடுத்த வாரம் கதவைச் சாத்தினால், மருத்துவமனைப் பதிவில் அவன் வீடுள்ளவன், உண்மையில் தெருவில் இருப்பவன். நடுவில் விழுந்துவிடுவான்.

மாத்திரை விழுங்காதவர்களுக்கு நீண்டநாள் வேலை செய்யும் ஊசி இருக்கிறது. ஃப்ளூபென்திக்ஸால், ஸூக்ளோபென்திக்ஸால் போன்றவை அரசு கிளினிக்கில் இலவசம். இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை போட்டால் போதும். தெருவில் இருப்பவருக்கு இது பெரிய வரம், ஏனென்றால் மாத்திரை டப்பா தெருவில் தங்காது. ஓர் எச்சரிக்கை: ஊசி ஒன்று தவறினால் உடனே எதுவும் தெரியாது. "பார், ஊசி இல்லாமலே நன்றாக இருக்கிறான்" என்று வீட்டிலேயே சொல்லத் தொடங்குவார்கள். மருந்து உடம்பில் இருந்து மெல்ல இறங்கி, சில வாரமோ சில மாதமோ கழித்துத்தான் நோய் திரும்பும். இந்த இடைவெளியில்தான் நிறையப் பேரை இழக்கிறோம்.

கட்டாய வெளிநோயாளி உத்தரவு இருந்து அவர் வராமல் போனால், மீண்டும் உள்நோயாளியாக அழைத்து வரவும் சட்டத்தில் வழி உண்டு. புதிதாய் முதலில் இருந்து தொடங்க வேண்டியதில்லை. இதை வார்டில் நினைவூட்டுங்கள்.

அம்மாவை அடிக்கிறான். பாதுகாப்பு ஆணை வாங்கிவிட்டோம். செய்தது சரியா?

அடி வாங்குகிற அம்மா முதலில் பிழைக்க வேண்டும். 1998-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் கட்டணம் இல்லாமல் ஆணை வாங்கலாம். அதில் குற்றம் எதுவும் இல்லை.

1960-களில் இனப்பிரிவினை அரசு நம்மவர்களை டர்பனின் மேகஸின் பாராக்ஸில் இருந்தும் கேட்டோ மேனரில் இருந்தும் பெயர்த்துக் கொண்டுவந்து கொடுத்த அந்தச் சின்ன வீடுகளில் மூன்று தலைமுறை நெருங்கி வாழ்கிறது. கோபமும் பயமும் ஒதுங்க ஓர் அறை கிடையாது. நோயாளிக்கு அமைதி வேண்டும், பாட்டிக்குத் தூக்கம் வேண்டும், பிள்ளைகளுக்குப் படிப்பு. இந்த நெருக்கடி தெரியாமல் "பெத்த பிள்ளையை வெளியே தள்ளினார்கள்" என்று பேசுகிறவர்கள் ஒரு ராத்திரி அங்கே தங்கிப் பார்க்க வேண்டும்.

ஆனால் ஆணை மட்டும் வாங்கினால் நடப்பது இதுதான்: அவன் வெளியேற்றப்படுவான், போக்கிடம் இல்லாமல் தெருவில் படுப்பான், பசித்து வீட்டுக்கு வந்தால் ஆணையை மீறியதாகக் கைதாவான். ஆகவே ஆணைக்குப் போகிற அதே வாரம் எம்எச்சிஏ 04-ம் கொடுங்கள். மனுவிலேயே "இவருக்கு மனநோய், சிகிச்சை நின்றுவிட்டது" என்று எழுதுங்கள். மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிய வேண்டும்.

திருட்டு வழக்கில் பிடித்துவிட்டார்கள்.

பிராசிக்யூட்டரிடமும் லீகல் எய்ட் வக்கீலிடமும் முதல் நாளே மனநோய் பற்றிச் சொல்லுங்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 77 முதல் 79 வரையான பிரிவுகள்படி நீதிமன்றம் மனநலப் பரிசோதனைக்கு அனுப்பலாம். இந்த குவாசுலு-நட்டால் மாகாணத்தில் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் ஃபோர்ட் நேப்பியர் மருத்துவமனைதான் அதற்குப் பெரிய இடம். காத்திருப்பு நீளம், அதுவரை சிறையிலேயே இருக்க நேரலாம். சிறிய குற்றம் என்றால் வழக்கை விட்டுவிட்டுச் சிகிச்சைக்கு அனுப்பும்படி கேட்பதே மேல்.

அமெரிக்காவில் 'கன்சர்வேட்டர்' என்று ஒருவரை நியமித்து எல்லாவற்றையும் அவர் பார்த்துக்கொள்வார் என்கிறார்களே, அப்படி இங்கே இல்லையா?

கலிபோர்னியாவை வைத்துத்தான் பெரும்பாலும் கேட்கிறார்கள். அங்கே 1967-இல் கொண்டுவந்த லான்டர்மன்–பெட்ரிஸ்–ஷார்ட் சட்டப்படி, மனநோயால் உணவு, உடை, இருப்பிடம் தேடிக்கொள்ள முடியாதவருக்கு நீதிமன்றம் ஒரு காப்பாளரை ஒரு வருடத்துக்கு நியமிக்கலாம். எங்கே தங்க வைப்பது, சிகிச்சை, பணம் மூன்றையும் அவரிடம் கொடுக்கலாம். 2023-இல் கடுமையான போதை அடிமைத்தனத்தையும் இதில் சேர்த்துச் சட்டத்தை விரித்தார்கள். அத்தனை அதிகாரம் இருந்தும் அங்கே தெரு வாழ்க்கைப் பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. காப்பாளர் கையில் உத்தரவு இருக்கும். கூட்டிப் போய் வைக்க இடம் இருக்காது.

இங்கே அந்த மூன்றும் பிரிந்து கிடக்கின்றன. உடலையும் வாழ்வையும் பற்றிய முடிவுகளுக்கு 'கியூரேட்டர் பெர்சோனே' என்று ஒருவரை உயர் நீதிமன்றம் நியமிக்க முடியும். ஆனால் மிக அரிதாகவே செய்யும். ஒரு மனிதரின் எல்லா முடிவையும் இன்னொருவரிடம் கொடுப்பது என்றால் நீதிபதிகள் தயங்குகிறார்கள். தயங்குவதே நல்லது என்பது என் எண்ணம்.

அப்படியானால் அவன் பேரில் இருக்கும் பணத்தையும் வீட்டுப் பங்கையும் யார் பார்ப்பது?

இரண்டு வழிகள்.

முதலாவது, 'நிர்வாகி'. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் எட்டாம் அத்தியாயம். நீதிமன்றம் போக வேண்டாம். உயர் நீதிமன்ற மாஸ்டர் (இறந்தவர், திறனிழந்தவர் போன்றோரின் சொத்து நிர்வாகத்தை மேற்பார்க்கும் அரசு அதிகாரி) அலுவலகத்தில் விண்ணப்பம். டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் அலுவலகம் உண்டு. 18 வயது தாண்டிய யாரும் கொடுக்கலாம், இங்கேயும் முந்தைய 7 நாளுக்குள் அவரைப் பார்த்திருக்க வேண்டும். மருத்துவச் சான்றுகள், சொத்தின் உத்தேச மதிப்பு, வருட வருமானம் எல்லாம் வேண்டும். விண்ணப்பத்தின் பிரதி ஒன்று நோயாளிக்கும் போயிருக்க வேண்டும். சொத்து 200,000 ராண்டுக்குள்ளும் வருட வருமானம் 24,000 ராண்டுக்குள்ளும் இருந்தால் மாஸ்டர் தனி விசாரணை இல்லாமலே நியமிக்கலாம். அதற்கு மேல் என்றால் விசாரணை நடக்கும்.

இரண்டாவது, 'கியூரேட்டர் போனிஸ்', அதாவது உயர் நீதிமன்றம் நியமிக்கும் சொத்துக் காப்பாளர். உயர் நீதிமன்ற விதி 57. முதலில் ஓர் அட்வகேட்டை நோயாளிக்காகப் பேச நியமிப்பார்கள். அவர் போய் நோயாளியைப் பார்த்து அறிக்கை தருவார். மருத்துவர்களின் சான்று வேண்டும், அதில் ஒருவர் முடிந்தவரை மனநல நிபுணராக இருக்க வேண்டும். செலவு பல பத்தாயிரம் ராண்ட் ஆகும். பெரிய சொத்து, விபத்து நஷ்டஈடு, குடும்பத்துக்குள் தகராறு என்றால் இதுதான் பொருந்தும். நம் குடும்பங்கள் பலவற்றுக்கு முதல் வழியே போதும்.

நிர்வாகியானால் சொத்து உங்களுடையது ஆகிவிடாது. மாஸ்டருக்கு வருடா வருடம் கணக்குக் காட்ட வேண்டும். வீட்டை விற்கவோ அடகு வைக்கவோ மாஸ்டரின் சம்மதம் அல்லது நீதிமன்ற உத்தரவு வேண்டும். அவர் தேறிவிட்டால் நியமனத்தை முடிக்கச் சொல்லி அவரே விண்ணப்பிக்கலாம்.

நல்லா இருந்த காலத்தில் எனக்குப் பவர் ஆஃப் அட்டர்னி எழுதிக் கொடுத்தானே. அது போதாதா?

போதாது. எழுதிக் கொடுத்தவர் முடிவெடுக்கும் திறனை இழந்த அன்றே அது செல்லாமல் போகிறது. தென்னாப்பிரிக்கச் சட்டத்தில் திறன் போன பிறகும் நீடிக்கிற பவர் கிடையாது. சட்டச் சீர்திருத்த ஆணையம் அதைக் கொண்டுவரும்படி பரிந்துரைத்தும் சட்டமாகவில்லை. பேங்க்கில் கேள்வி கேட்காமல் பணம் கொடுத்தார்கள் என்பதற்காக அது செல்லும் என்று ஆகாது. பிற்பாடு அண்ணன் தம்பிக்குள் வழக்கு வந்தால் சிக்கிக்கொள்வீர்கள்.

நான் நிர்வாகி ஆகிவிட்டேன். இப்போது அவனை வீட்டுக்கு இழுத்து வரலாமா?

கூடாது. நிர்வாகிக்குப் பணத்தின் மேல்தான் அதிகாரம், ஆளின் மேல் இல்லை. எங்கே தூங்குவது, ஊசி போட்டுக்கொள்வதா என்பதெல்லாம் உங்கள் கையில் வராது. ஆனால் இந்தப் பணத்தால் செய்யக்கூடியது நிறைய. நல்ல தங்குமிடத்துக்கு மாதக் கட்டணம் கட்டலாம். அவன் வழக்கமாய்ப் போகிற டேக்அவே கடையில் முன்பணம் கொடுத்துத் தினமும் ஒரு வேளைச் சாப்பாடு ஏற்பாடு செய்யலாம். ரொக்கமாகக் கொடுத்தால் அன்று சாயங்காலமே வேறு கைக்குப் போய்விடும்.

சாசா (அரசின் சமூக உதவித்தொகை நிறுவனம்) தரும் உதவித்தொகை கிடைக்குமா?

18 முதல் 59 வயது வரை, வேலை செய்ய முடியாத அளவு நோய் என்று மருத்துவ மதிப்பீடு சொன்னால், வருமான வரம்புக்குள் இருந்தால் ஊனமுற்றோர் உதவித்தொகை உண்டு. 2025-இல் மாதம் 2,300 ராண்டுக்குச் சற்று மேல். தற்காலிகம் என்றால் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை. முடிந்ததும் தானாகத் தொடராது, மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். தெருவில் இருப்பவர்கள் இங்கேதான் தவறவிடுகிறார்கள். நேரில் போய் வாங்க முடியாதவர் சார்பில் வேறொருவரை சாசாவில் பதிவு செய்யலாம். அடையாள அட்டை தொலைந்திருந்தால் மாற்று ஆவணத்தோடு விண்ணப்பிக்கவும் விதியில் இடம் உண்டு, "ஐடி இல்லையா, போ" என்றால் அங்கேயே நின்று கேளுங்கள். அரசு மனநல மருத்துவமனையில் நீண்ட நாள் இருந்தால் தொகை பாதிக்கப்படும் என்பதையும் தெரிந்து வையுங்கள்.

எங்கே தேடுவது? கண்டுபிடித்தால் என்ன செய்வது?

காணவில்லை என்று புகார் கொடுக்க 24 மணி நேரம் காத்திருக்கத் தேவையில்லை. அப்படி ஒரு விதியே கிடையாது. 2022 கணக்கெடுப்பில் நாடு முழுதும் 55,719 பேர் வீடற்றவர்களாய்ப் பதிவானார்கள். டர்பனில் வார்விக் சந்தி, ஆல்பர்ட் பார்க், கடற்கரைச் சாலை ஆகியவை பலர் கூடும் இடங்கள். இமானுவேல் தேவாலயத்தை ஒட்டிய டெனிஸ் ஹர்லி மையத்தில் சாப்பாடும் கிளினிக்கும் உண்டு. அங்கே இருப்பவர்களுக்கு முகம் தெரியும். கார் பார்த்துக்கொள்கிறவர்களிடம் போட்டோ காட்டிக் கேளுங்கள்.

கண்டதும் "வா வீட்டுக்கு" என்று கையைப் பிடிக்காதீர்கள். முதல் தடவை சாப்பாடும் ஒரு ஜோடிச் செருப்பும் போதும். அழாமல், திட்டாமல், பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு, அடுத்து என்றைக்கு வருவேன் என்று சொல்லி, அன்றைக்கே வாருங்கள். அவன் வந்து நிற்கத் தொடங்கினால் பாதி வேலை முடிந்தது. பிறகு ஒருநாள் கிளினிக் நர்ஸையும் கூட்டிப் போகலாம். முதல் நாளே போலீசோடு போனால் இடத்தை மாற்றிக்கொள்வான், மறுபடி தேட வேண்டியிருக்கும். பெண்ணாக இருந்தால் மட்டும் இந்தப் பொறுமைக்கு நேரம் குறைவு. தெருவில் ஒரு மனநோயாளிப் பெண்ணுக்கு ஒவ்வொரு ராத்திரியும் ஆபத்து. உடனே 40-ஆம் பிரிவை நாடுவதில் தப்பில்லை.

ஒரு தனியார் இல்லம் மாதம் கொஞ்சப் பணத்துக்குச் சேர்த்துக்கொள்கிறது. நம்பலாமா?

உரிமம் இருக்கிறதா என்று கேட்காமல் ஒரு நாள்கூட விடாதீர்கள். 2016-இல் ஹவுடெங் மாகாண சுகாதாரத் துறை, லைஃப் எசிடிமெனி என்ற தனியார் மனநலப் பராமரிப்பு நிறுவனத்தில் இருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட மனநோயாளிகளைச் சிக்கனம் என்ற பெயரில் தொண்டு இல்லங்களுக்கு மாற்றியது. 144 பேர் செத்துப்போனார்கள். பசி, தாகம், குளிர், கவனிப்பின்மை. அந்த 27 இல்லங்களில் ஒன்றுக்கும் செல்லுபடியாகும் உரிமம் இல்லை என்று சுகாதாரக் குறைதீர் அதிகாரி 2017-இல் அறிக்கை கொடுத்தார். 2018 மார்ச்சில் முன்னாள் துணைத் தலைமை நீதிபதி டிக்காங் மொசெனெக்கே குடும்பங்களுக்கு இழப்பீடு விதித்தார். அந்தக் குடும்பங்கள் பலருக்கும் தங்கள் ஆளை எங்கே கொண்டுபோனார்கள் என்றே சொல்லப்படவில்லை. அலைந்து தேடியவர்களில் சிலர் பிணவறையில் கண்டார்கள்.

சேர்க்கும் முன் சமையலறையைப் பாருங்கள். இரவில் யார் இருக்கிறார்கள், மருந்து எங்கே பூட்டி வைக்கிறார்கள், எந்த டாக்டர் வருகிறார் என்று கேளுங்கள். சொல்லாமல் ஒருநாள் போய் நில்லுங்கள்; உள்ளே விடாத இடம் நமக்கு வேண்டாம். சாசா அட்டையை மொத்தமாகக் கொடுத்துவிடச் சொல்லும் இடமும் வேண்டாம். டர்பனில் 'டர்பன் அண்ட் கோஸ்டல் மென்டல் ஹெல்த்' அமைப்பு நெடுங்காலமாய் இல்லங்கள் நடத்துகிறது, அங்கே காத்திருப்புப் பட்டியலில் முதலில் பெயர் கொடுத்து வையுங்கள்.

பூசாரி 'செய்வினை' என்கிறார். காவடி எடுத்தால் சரியாகும் என்கிறார்கள்.

பூசை செய்யுங்கள். ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுங்கள், தைப்பூசத்துக்குக் காவடி எடுங்கள். அந்தக் கூட்டத்தில் அவனுக்கும் ஓர் இடம் இருப்பது, யாரோ அவன் நெற்றியில் விபூதி இடுவது, இதெல்லாம் மருந்து தராத ஒன்றைத் தரும். ஊசியை மட்டும் நிறுத்தாதீர்கள். மருந்தை நிறுத்தச் சொல்கிற, கட்டிவைத்து அடிக்கிற, ஆயிரக்கணக்கில் பணம் கேட்கிற எவரும் அம்மனுக்கு வேண்டியவர் இல்லை.

இருதுருவ நோய்க்கு லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவர் விரதம் இருந்தால் கவனம். தண்ணீர் குறைந்தாலும் உப்பைத் திடீரென்று நிறுத்தினாலும் ரத்தத்தில் லித்தியம் ஏறி விஷமாகும். டர்பனின் பிப்ரவரி வெயிலில் காவடியோடு நடக்கிறவருக்கு இது இரட்டை ஆபத்து. கை நடுக்கம், வாந்தி, தள்ளாட்டம் வந்தால் அருள் வந்துவிட்டது என்று நினைத்து நிற்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். விரதத்துக்கு முன்பே கிளினிக்கில் கேட்டுக்கொள்வது இன்னும் நல்லது.

எங்களுக்குப் பிறகு அவன் கதி?

இந்தக் கேள்வியை அம்மாக்கள் கடைசியில்தான், குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். முதலில் உயில் எழுதுங்கள். அவன் பங்கை நேரடியாக அவன் பேரில் விடாமல், உயிலிலேயே ஒரு டிரஸ்ட் அமைத்து அதில் விடலாம். கடும் ஊனம் உள்ளவருக்கான 'சிறப்பு டிரஸ்ட்' என்று வரித்துறை ஏற்றுக்கொண்டால், சாதாரண டிரஸ்டுக்கு உள்ள 45 சதவீத வரி இல்லாமல் தனிநபர் விகிதத்தில் போகும். டிரஸ்ட் எதுவும் இல்லாவிட்டால் அவனுக்கு வரும் ரொக்கம் மாஸ்டர் பொறுப்பில் உள்ள கார்டியன்ஸ் ஃபண்ட் என்ற காப்பு நிதியில் போய்ச் சேரும். அங்கே பத்திரமாக இருக்கும், ஆனால் ஒவ்வொரு தேவைக்கும் விண்ணப்பம் போட வேண்டியிருக்கும்.

அடுத்து, அவன் அக்காவிடமோ தம்பியிடமோ இப்போதே பேசுங்கள். பாரத்தை முழுதாய் ஏற்கச் சொல்லாதீர்கள், பயந்து ஓடிவிடுவார்கள். கோப்பு எங்கே இருக்கிறது, எந்தக் கிளினிக், ஊசித் தேதி என்ன, மாஸ்டர் அலுவலகக் கோப்பு எண் என்ன என்று காட்டிக் கொடுங்கள். ஒருமுறை உங்களோடு அவனைப் பார்க்க அழைத்துப் போங்கள். நாளைக்கு எம்எச்சிஏ 04-இல் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்தான், அந்த 7 நாள் விதி அவருக்கும் உண்டு. வக்கீலுக்கு வசதி இல்லையென்றால் லீகல் எய்ட் எண் 0800 110 110. நடுராத்திரியில் தாங்க முடியாமல் போனால், அவனுக்கானாலும் உங்களுக்கானாலும், சாடாக் என்ற மனநல உதவி அமைப்பின் தற்கொலைத் தடுப்பு எண் 0800 567 567, ஆம்புலன்ஸ் 10177.